கடலைக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு உயிர்

அடேய் உருளை,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். செத்துப்போனவனுக்கு எழுதினால் எப்படி ஆரம்பிப்பது என்பது ஆறாம் வகுப்புப் பாடமோ என்னவோ, எனக்குத் தெரியாது. அதனால் என் நலத்தை மட்டும் எழுதுகிறேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் மறுபடியும் படுத்துவிட்டது. மேற்பார்வைக்காரி படுக்கவில்லை, நன்றாக நிற்கிறாள். வீட்டில் வேறு ஒரு குறையும் இல்லை, நீ செய்துவைத்துவிட்டுப் போன காரியத்தைத் தவிர. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் கோபமாக எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படி.

ஒரு மனுஷன் போகும்போது கடனை வைத்துவிட்டுப் போவான், வழக்கை வைத்துவிட்டுப் போவான். நீ மூன்று பேரைக் குகைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் நம் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூத விளையாட்டை ஆடுவீர்களே, நீ கதையை நடத்த, பல் டாக்டர் அம்மா பூட்டுடைக்கும் திருடியாகவும், கணக்கு வாத்தியார் நெருப்பு வீசும் மந்திரவாதியாகவும், லாரிக்காரர் கோடாலி வீரனாகவும், ஏழு கழுதை வயதான மனிதர்கள் இருபது முகம் உள்ள பகடையை உருட்டி உருட்டி என் மேஜை முழுக்கக் கோடு போட்டீர்களே, அந்த மூன்று பேரைத்தான் சொல்கிறேன். கடைசியாக ஆடின அன்று, "குகைக்குள்ள நுழைஞ்சுட்டீங்க, பின்னால பாறை விழுந்து வழி அடைச்சிருச்சு, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். அடுத்த வாரம் வருவதற்குள் வேலை முடிந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினாராம். இத்தனை கட்டடத்து லிப்டையும் பழுது பார்த்தவனுக்குத் தன் நெஞ்சு நடு மாடியில் நிற்கப் போவது தெரியவில்லை பார்.

மூன்று பேரும் முதலில் துக்கம் கேட்க வந்தார்கள். சரி, வர வேண்டியதுதான். அப்புறமும் வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் ஆனால் கதவைத் தட்டி, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, உன் நாற்காலியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். நானும் பேசமாட்டேன். பல் பிடுங்கப் போகிறவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும், இத்தனைக்கும் பல்லைப் பிடுங்குகிறவரே அங்கேதான் இருக்கிறார். இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒரு நாள் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, நாங்க இன்னும் குகையிலதான் இருக்கோம்" என்றார்.

"அப்ப வெளிய வந்துடுங்க சார்."

"நாங்களா வர முடியாதுக்கா. யாராவது, வந்துட்டீங்கன்னு சொல்லணும்."

"நான் சொல்றேன். வந்துட்டீங்க. டீயைக் குடிங்க."

"சும்மா சொன்னா செல்லாதுக்கா" என்றார் லாரிக்காரர். "வழியில ஏதாச்சும் இருக்கணும். அதைத் தாண்டி வரணும்."

இந்த லாரிக்காரர் என்னைவிட மூத்தவர். நீ கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவரும் என்னை அக்கா என்கிறார், நான் அவரை அண்ணே என்கிறேன், ஆளுக்கு ஆள் வயதை ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறோம். போகட்டும். ஒரே ஒரு தடவை உன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பூதத்தை நிறுத்தி, இவர்களைக் குகையிலிருந்து இழுத்து வெளியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் பூதம். பூதம் என்றால் பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே. தலை கூரையில் இடிக்கிற மாதிரி ஒன்றை நிறுத்தினேன். கண் இரண்டும் அடுப்பு, கை இரண்டும் மரம். நானே சொல்லிவிட்டு நானே கொஞ்சம் பயந்தேன். அது அறை நடுவில் நின்றது. இவர்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டு மாற்றி மாற்றி அடித்தார்கள். அது ஒரு அடி அடிப்பதற்குள் இவர்கள் மூன்று அடி அடித்துவிடுகிறார்கள், பாவம் அது எந்தப் பக்கம் திரும்பும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பூதம் காலி. டாக்டர் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெறும் ரூம், நடுவுல ஒரு தடியன், சுத்தி நின்னு மூணு பேர் அடிக்கிறோம். இது சண்டையா, துணி துவைக்கிறதா?" என்றார். நாளெல்லாம் துணி துவைக்கிறவளிடம் வந்து இதைக் கேட்கிறார்.

சரி, ஒன்று போதாது என்றால் நிறைய வைப்போம் என்று அடுத்த வாரம் ஒரு எலிக் கூட்டத்தையே இறக்கினேன். நாற்பது எலி. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி உயரம். இதில் என்ன கஷ்டம் என்றால், நாற்பது எலியும் கடிக்க வேண்டும், நாற்பது கடிக்கும் பகடை உருட்ட வேண்டும், அதை உருட்ட வேண்டியவள் நான். ஒரு சுற்று முடிவதற்குள் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எந்த எலி கடித்தது, எந்த எலி செத்தது என்று வாத்தியார் கணக்குப் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போக, கோடாலி வீரனைப் பதினாறு எலி கடித்துவிட்டது. எழுப்பினால், "என்னது, எலியா, இன்னுமா?" என்கிறார். நான் மீதி எலிகளுக்கெல்லாம் வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அதற்கப்புறம் டாக்டர் அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். "பூதம் பெருசா சின்னதாங்கறது இல்லக்கா விஷயம். அதுக்கு ஏதோ ஒண்ணு வேணும். அது நிக்கிற இடம் அதுக்குச் சாதகமா இருக்கணும். எங்களுக்கும் தப்பிச்சுப் போக ஏதாச்சும் ஒரு வழி இருக்கணும். தம்பி அப்படித்தான் வைப்பாரு." தம்பி அப்படித்தான் வைப்பாரு, தம்பி அப்படித்தான் செய்வாரு, இதே பாட்டு. உன்னை வளர்த்தவளுக்கு உன்னைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். அதற்கு ஏதோ வேண்டும் என்றாரே என்று நானும் யோசித்து, ஒரு தாய்ப் பூதத்தை வைத்தேன். பாலத்தடியில் இருக்கிறது, அதற்கு ஒரு குட்டி, குட்டிக்குப் பசி. வருகிறவர்களைப் பிடித்துக் குட்டிக்குப் போடும். பயங்கரம்தானே. கேட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர், "குட்டிக்கு எத்தனை வயசுக்கா?" என்றார். மூன்று என்றேன். "அப்பன் எங்க?" என்றார். ஓடிப்போய்விட்டான் என்றேன், வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். முடிந்தது கதை. ஒருத்தரும் ஆயுதத்தைத் தொடவில்லை. திருடி தன் மூட்டையிலிருந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். மந்திரவாதி குட்டிக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார். கோடாலி வீரன் பக்கத்து ஊர் ராஜாவிடம் பேசி, பாலத்தில் சுங்கம் வசூலிக்கிற வேலையைத் தாய்ப் பூதத்துக்கு வாங்கிக் கொடுத்தான். ஞாயிறு மத்தியானம் முழுக்கப் பேய்க்கு வேலைவாய்ப்பு. போகும்போது மூன்று பேரும் நன்றாக இருந்தது என்றார்கள், ஆனால் பயமே இல்லையேக்கா என்றும் சொன்னார்கள். "நீங்க எங்களைக் கொல்லவே மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு" என்றார் வாத்தியார். ஒரு மாணவனுக்கு மார்க் போடுகிற மாதிரி சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் யாரையும் கொல்லமாட்டேனா. வாரம் முழுக்க வேலை செய்துகொண்டே யோசித்தேன், வேறு எங்கே போவேன், நான் நிற்கிற இடத்தையே எடுத்துக்கொண்டேன். குகைக்குள் ஒரு பெரிய சலவைக்கூடம். யார் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கே பார்த்தாலும் நீராவி. தரை முழுக்கச் சோப்புத் தண்ணீர், ஓடினால் விழுவாய். கூரையிலிருந்து தரைவரைக்கும் ஈரப் போர்வைகள் தொங்குகின்றன, ஒருவருக்கு ஒருவர் தெரியாது. நெருப்பு வீசினால் ஈரத்தில் புஸ்ஸென்று அணைந்துவிடும். பூதத்துக்குக் கண் கிடையாது, காதுதான். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சத்தமில்லாமல் இருக்க வேண்டும். சத்தம் போட்டவன் செத்தான். எங்கள் மேற்பார்வைக்காரியை அப்படியே உரித்து வைத்தேன், கண்ணை மட்டும் எடுத்துவிட்டு. வெளியே போக ஒரே கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு, டாக்டர் அம்மா அதைத் திறக்க நேரம் ஆகும்.

என்ன சொல்ல, உருளை. மூன்று பேரும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள், நிஜமாகவே பூதத்துக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் அம்மா டீயைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டார். அடுப்பில் குக்கர் வைத்திருந்தேன், அது விசில் அடிக்க, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், பூதம் திரும்பிப் பார்த்தது என்று சொன்னேன், லாரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன் போல. வாத்தியார்தான் சொன்னார், "அக்கா சிரிக்கிறாங்க" என்று. பூதம் போர்வை போர்வையாக விலக்கிக்கொண்டு டாக்டர் அம்மாவின் பக்கம் போய்விட்டது. பூட்டு பாதிதான் திறந்திருக்கிறது. அப்போது லாரிக்காரர், "நான் கோடாலியால இரும்புக் குழாயில அடிக்கிறேன்க்கா. நல்லா சத்தமா" என்றார். அடித்தால் அது உங்கள் பக்கம் வரும் அண்ணே என்றேன். "தெரியும். அதுக்குத்தானே அடிக்கிறேன்" என்றார்.

வந்தது. அடித்தது. கோடாலி வீரன் கணக்கில் இருந்த உயிர்ப் புள்ளி எல்லாம் தீர்ந்தது. உன் சட்டப்படி, உயிர் ஊசலாடும்போது கடைசியாக ஒரு உருட்டு, பத்துக்கு மேல் விழுந்தால் பிழைத்தான், பத்தோ கீழேயோ விழுந்தால் போனான். லாரிக்காரர் பகடையைக் கையில் வைத்து ஊதினார், உருட்டினார். அது மேஜையில் ஓடி, தட்டில் இடித்து, சுற்றிக்கொண்டே வந்து என் முன்னால் நிற்கப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா. கடலைக் கிண்ணத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டேன். கடலை சிதறி வாத்தியார் மடியெல்லாம் விழுந்தது. ஒருத்தரும் எண்ணைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கையைக் கிண்ணத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"கையை எடுங்கக்கா" என்றார் லாரிக்காரர்.

"மாட்டேன்."

"என்ன விழுந்துச்சோ அதானேக்கா."

"இந்த மேஜையில இன்னொருத்தர் போக வேணாம் அண்ணே."

வாத்தியார் குனிந்து கடலை பொறுக்கியபடியே, "தம்பி இருந்தப்ப இந்த வம்பே கிடையாது. கடைசி உருட்டை மட்டும் அவரே உருட்டுவாரு, அந்த அட்டைக்குப் பின்னால. விழுந்ததைச் சொல்லுவாரு" என்றார். எந்த அட்டை என்றேன். மூன்றாக மடித்து உன் முன்னால் நிறுத்திவைப்பாயே, அந்த அட்டையாம். பகடையை மறைக்கத்தான் அதுவாம். எனக்கென்னடா தெரியும், ஜன்னல் காற்றுக்குத்தான் வைக்கிறாய் என்று நினைத்து, நீ போன பிறகு அதை பீரோத் தட்டில் விரித்து மேலே உன் சட்டைகளை அடுக்கிவைத்திருக்கிறேன்.

"இத்தனை வருஷத்துல எங்கள்ல ஒருத்தர்கூடச் செத்ததில்ல, யோசிச்சுப் பாத்தா" என்றார் டாக்டர் அம்மா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாத்தியார் மேலே பார்த்துக் கணக்குப் போடுவது தெரிந்தது. லாரிக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"அப்ப நான் பிழைச்சதெல்லாம்?" என்றார். "அந்த ரெண்டு தலைப் பாம்பு? அந்த எரிஞ்ச கோட்டை? நாள் பூரா தனியா ஓட்டுறேன்க்கா, அந்தக் கோட்டைய நினைச்சுக்கிட்டுதான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறேன். தம்பி நிஜத்தைத்தான் சொன்னாரா?"

"என் தம்பி பொய் சொல்லமாட்டான்" என்றேன்.

சட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஒன்று இடித்தது. நெஞ்சு கரிக்குதா, ஏன் கையால் தடவிக்கொண்டே இருக்கிறாய் என்று நான் கேட்ட போதெல்லாம், "கடலை ஜாஸ்தியாயிடுச்சுக்கா" என்று சிரித்தவன்தானே நீ.

லாரிக்காரர் எழுந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பொய்யா பிழைக்க வேணாம்க்கா. கிண்ணத்தை எடுக்கிற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வர்றேன். இல்லேன்னா வேணாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் அம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மயக்க ஊசி போடுகிற குரலில், "உங்களுக்கும் சிரமமா இருக்குக்கா. விளையாட்டுச் சாமான் கடைக்காரர் நடத்தித் தர்றேன்னு சொல்றாரு. என் கிளினிக்குல ஞாயித்துக்கிழமை ஹால் சும்மாதான் கிடக்கு. அங்க மாத்திக்கலாமா?" என்றார். தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். நல்லதாகப் போயிற்று. சனியன் விட்டது.

இந்த வாரம் முழுக்க அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் சாப்பிடுகிறேன். தட்டை ஓரமாக வைத்து, கை இடிக்காமல், ஏதோ தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் சாப்பிடுகிற மாதிரி. மேஜையைத் துடைத்தால் கிண்ணத்தைச் சுற்றி வட்டமாகத் துடைக்கிறேன். வேலையில் மேற்பார்வைக்காரி, "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். "உன்னைப் பூதமா வச்சதுல வந்த வினைதான்" என்று அவளிடம் சொல்ல முடியுமா.

ஆனால் முடிவு பண்ணிவிட்டேன். வருகிற ஞாயிறு கடைசியாக ஒரு தடவை மூன்று பேரையும் கூப்பிட்டு, எல்லார் கண் முன்னாலும் கிண்ணத்தைத் தூக்குவேன். விழுந்தது விழுந்ததுதான். சலவைக்கு வரும் துணியில் கறை போகவில்லை என்றால் போகவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன், மடித்துக் கறையை உள்ளே வைத்துக் கொடுத்தவள் இல்லை நான். கோடாலி வீரன் செத்தால் செத்தான், ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பகடையெல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். அவர் ஹாலிலேயே குடித்தனம் நடத்தட்டும். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலிகளில் துணி மடித்து வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. தூங்கலாம். ஜன்னல் கம்பி துடைக்கலாம். அதற்கப்புறம் ஏதாவது இருக்கும்.

போன இடத்தில் ஒழுங்காக இரு. சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொள். அம்மாவைப் பார்த்தால் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று சொல், அப்பாவைப் பார்த்தால் எதிர்த்துப் பேசாதே, கடலையைக் குறைத்துக்கொள். உனக்கு என் ஆசீர்வாதம், திட்டினது எல்லாம் கழித்தது போக மிச்சம் நிறைய இருக்கிறது, வைத்துக்கொள்.

உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் மேஜையைத் துடைக்கலாம் என்று கிண்ணத்தைத் தூக்கினேன். துடைக்கத்தான் தூக்கினேன். மூன்று விழுந்திருக்கிறது. கிண்ணத்தை மறுபடி கவிழ்த்துவிட்டுப் போய் டீ போட்டேன். குடித்துவிட்டு வந்து தூக்கினேன், அப்போதும் மூன்றுதான். விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினேன், பத்தொன்பது வந்தது. பத்தொன்பது ரொம்பப் பெருமையாகத் தெரிந்தது, வாத்தியார் சந்தேகப்படுவார். பொறுமையாகத் திருப்பிப் பதினொன்றில் வைத்தேன். பிழைத்தது போலவும் ஆயிற்று, மயிரிழையில் தப்பியது போலவும் ஆயிற்று. மூடிவிட்டேன். லாரிக்காரருக்குப் போன் பண்ணி ஞாயிறு வரச் சொன்னேன். "தூக்கிப் பாத்தீங்களாக்கா?" என்றார். "நான் எதுக்கு அண்ணே பாக்கறேன்?" என்றேன். அந்த மனுஷர் சரி என்றார், அழுதாரோ என்னவோ, லாரி சத்தத்தில் தெரியவில்லை. டாக்டர் அம்மாவிடம் ஹாலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உன் சட்டைகளை வேறு தட்டுக்கு மாற்றி, அட்டையை எடுத்து மடிப்பு நீவி மேஜையில் நிறுத்தி, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே வைத்த கை வெளியே தெரியவில்லை. முகத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும். உருளை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், எனக்கு மட்டும் சொல். இதன் பின்னால் உட்கார்ந்து நீ எத்தனை தடவை திருப்பினாய்?